சங்கு ஊதிய பின் எங்கே போவது?

2025 மே 7-ஆம் தேதி மாலை 4 மணிக்குச் சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் அபாயச் சங்கு ஒலித்தது. நாடு முழுவதும் 244 குடிமைப் பாதுகாப்பு மாவட்டங்களில் ஒத்திகை நடத்துமாறு மத்திய உள்துறை அமைச்சகம் பணித்திருந்தது. அன்று அதிகாலையில்தான் 'ஆபரேஷன் சிந்தூர்' தொடங்கியிருந்தது. ஒத்திகையில் தீயணைப்பு வாகனங்கள் விரைந்தன. காயமுற்றவர்களாக நடித்தோர் தூக்குப் படுக்கைகளில் கொண்டுசெல்லப்பட்டனர். எல்லாம் முறையாகவே நடந்தன. ஆனால், சங்கு ஊதிய பிறகு ஒரு சாதாரணக் குடிமகன் எந்தக் கட்டடத்துக்குள், எந்தப் படியில் இறங்கிப் போய் உயிரைக் காத்துக்கொள்வது என்ற கேள்வி அந்த நாள்களின் விவாதங்களில் ஏறக்குறைய எழவே இல்லை.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு இது வியப்பளிக்கவில்லை. அபாயச் சங்கு என்பது பாடநூல்கள் கூறும் தூய பொதுப் பண்டம். ஒருவர் காதில் விழுவதால் அடுத்தவர் காதுக்குக் குறைந்துபோவதில்லை, செலவும் சொற்பம். பதுங்குமிடம் அப்படிப்பட்டதன்று. 40 பேருக்குக் கட்டிய அறையில் 41-ஆவது ஆள் நுழைந்தால் மற்றவர்களின் மூச்சுக்காற்று குறைகிறது. எனவே பதுங்குமிடம் கட்டும் எந்த அரசும், எத்தனை பேருக்கு, யாருக்கு என்று முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவைத் தவிர்க்க விரும்பும் அரசுகள் சங்கோடு நிறுத்திக்கொள்கின்றன.

இந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதைக் கண்ணால் காண விரும்புவோர் சிங்கப்பூரின் ஃபோர்ட் கேனிங் குன்றுக்குப் போகலாம். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே மகள் வீட்டில் தங்கியிருந்தபோது நான் அதைப் பார்த்தேன். நகரின் நடுவே உள்ள பசுமையான குன்று அது. அதன் அடியில் சுமார் 9 மீட்டர் ஆழத்தில், 1930-களின் பிற்பகுதியில் பிரிட்டிஷார் அமைத்த 'பேட்டில் பாக்ஸ்' என்னும் நிலத்தடித் தலைமையகம் இருக்கிறது. தடித்த கான்கிரீட் சுவர்கள், நச்சுவாயு புகாத இரும்புக் கதவுகள், தொலைபேசி இணைப்பகம், சங்கேதச் செய்திகளுக்கான அறை, விமானங்களின் நகர்வைக் குறிக்கும் பெரிய மேசை என இருபதுக்கும் மேற்பட்ட அறைகள். 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி காலை, ஜெனரல் பெர்சிவலும் பிற தளபதிகளும் இங்குதான் கூடிச் சரணடைவதென்று முடிவெடுத்தார்கள். அந்தக் கூட்டம் நடந்த சிறிய அறையில் உருவ பொம்மைகளை மேசையைச் சுற்றி அமர்த்தி வைத்திருக்கிறார்கள். உள்ளே பத்து நிமிடம் நின்றாலே புழுக்கம் தெரிந்தது.

அதே நகரின் குடிமக்களுக்கு நிலத்தடியில் என்ன இருந்தது? பெரும்பாலும் ஒன்றுமில்லை. 1941 டிசம்பர் 8-ஆம் தேதி விடியுமுன் ஜப்பானிய விமானங்கள் முதல் முறையாகக் குண்டு வீசியபோது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. 61 பேர் இறந்தார்கள். 700-க்கும் மேற்பட்டோர் காயமுற்றார்கள். சிங்கப்பூரில் நிலத்தடி நீர்மட்டம் மேலே இருக்கிறது, பள்ளம் தோண்டினால் நீர் ஊறும், கொசு பெருகும் என்பதே நிர்வாகம் சொல்லிவந்த காரணம். இன்று அதே மண்ணுக்கடியில் சுரங்க ரயில் ஓடுகிறது. அன்றைய தொழில்நுட்பம் வேறு என்று வாதிடலாம். ஆனால், தலைமையகத்துக்குக் குன்றைத் தேர்ந்தெடுத்துக் குடைய முடிந்தவர்களுக்கு, மக்களுக்காக இன்னொரு குன்றைத் தேடத் தோன்றவில்லை. தலைமைப் பொறியாளராக இருந்த பிரிகேடியர் சிம்சன் வடக்கே அரண்கள் எழுப்ப வேண்டும் என்று மன்றாடியபோது, அத்தகைய வேலைகள் மன உறுதியைக் குலைக்கும் என்று பெர்சிவல் மறுத்ததாகச் சிம்சனே பின்னாளில் எழுதினார். பாதுகாப்பு கொடுத்தால் மக்கள் பயந்துவிடுவார்கள் என்னும் இந்த விசித்திரத் தர்க்கம் சிங்கப்பூரில் பிறந்ததன்று. அது லண்டனிலிருந்து வந்தது.

ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பார்சிலோனா மக்கள் தங்கள் நகருக்கடியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதுங்குமிடங்களை அமைத்தார்கள். ஸ்பெயினுக்குப் போய் வான்தாக்குதல்களை நேரில் கண்ட உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன், 1938-இல் ஒரு நூல் எழுதி, பிரிட்டனின் நகரங்களுக்கடியில் அனைவருக்கும் ஆழமான பொதுப் பதுங்குமிடங்கள் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். (இவர்தாம் 1957-இல் இந்தியாவில் குடியேறி, இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தவர்.) கோரிக்கையை ஆராய 1939-இல் ஒரு மாநாடு கூட்டப்பட்டது. அதன் தலைவர் ஹெய்லி பிரபு. பஞ்சாபிலும் ஐக்கிய மாகாணத்திலும் ஆளுநராக இருந்தவர். ஆழமான பதுங்குமிடங்கள் வேண்டாம் என்று அந்த மாநாடு முடிவு செய்தது. செலவு ஒரு காரணம். மக்கள் ஒருமுறை கீழே இறங்கிவிட்டால் மேலே வந்து வேலைக்குப் போகமாட்டார்கள் என்ற அச்சம் ஆட்சியாளர்களிடம் பரவலாக இருந்த இன்னொரு காரணம்.

அதற்குப் பதிலாக வீட்டுத் தோட்டத்தில் பாதி புதைத்து வைக்கும் நெளிதகட்டுக் கூடுகள் வழங்கப்பட்டன. அவற்றுக்குப் பெயர் தந்த சர் ஜான் ஆண்டர்சன் முன்னாள் வங்காள ஆளுநர். ஆண்டு வருமானம் 250 பவுனுக்குக் குறைவான குடும்பங்களுக்குக் கூடு இலவசம். கேட்பதற்கு நியாயமான மானியத் திட்டமாகத் தோன்றும். ஆனால் கூட்டைப் புதைக்கத் தோட்டம் வேண்டுமே! லண்டன் கிழக்குப் பகுதியின் நெரிசலான குடியிருப்புகளில், துறைமுகத்தை ஒட்டி, குண்டுகள் அதிகம் விழப்போகிற இடத்தில் வாழ்ந்த ஏழைக்குத் தோட்டம் ஏது? நிலம் உள்ளவனுக்கு மட்டுமே பயன்படும் இலவசத்தை நம் நாட்டுத் திட்டங்களிலும் கண்டிருக்கிறோம்.

1940 செப்டம்பரில் குண்டுமாரி தொடங்கியதும் மக்களே விடை கண்டார்கள். சுரங்க ரயில் நிலையங்களில் தங்கக்கூடாது என்று முதலில் தடை இருந்தது. அவர்கள் மலிவான பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு இறங்கினார்கள், மேலே ஏறிவரவில்லை. அரசு பணிந்தது. அந்த நவம்பரில் எடுத்த கணக்கெடுப்பின்படி லண்டன்வாசிகளில் 4 விழுக்காட்டினர் சுரங்க ரயில் நிலையங்களிலும், 9 விழுக்காட்டினர் பிற பொதுப் பதுங்குமிடங்களிலும், 27 விழுக்காட்டினர் வீட்டுக் கூடுகளிலும் இரவைக் கழித்தனர். மீதமுள்ள 60 விழுக்காட்டினர் எங்கும் போகவில்லை. தத்தம் படுக்கையிலோ மாடிப்படிக்கு அடியிலோ கிடந்தார்கள். சுரங்க நிலையங்களில் உறங்கும் மக்களின் புகைப்படங்கள் உலகப்புகழ் பெற்றுவிட்டதால், லண்டனே நிலத்தடியில் தப்பியது போன்ற எண்ணம் நமக்கு ஏற்பட்டுவிட்டது. அந்தப் படத்தில் இருப்பவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்.

ஆழம் மட்டும் உயிரைக் காத்துவிடாது என்பதற்கும் லண்டனே சாட்சி. 1943 மார்ச் 3 இரவு, பெத்னல் கிரீன் நிலையத்தின் படிகளில் கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தபோது அருகிலிருந்த புதுவகை விமான எதிர்ப்பு ராக்கெட்டுகளின் ஓசை கேட்டது. கூட்டம் முண்டியடித்தது, யாரோ ஒருவர் இடறினார். 62 குழந்தைகள் உட்பட 173 பேர் நசுங்கி இறந்தார்கள். அன்றிரவு அங்கே ஒரு குண்டுகூட விழவில்லை. மங்கலான ஒற்றை விளக்கு. நடுவில் கைப்பிடி இல்லாத படிக்கட்டு. நுழைவாயிலைச் சீரமைக்க உள்ளாட்சி மன்றம் 1941-லேயே அனுமதி கேட்டு, மேலிடம் மறுத்திருந்தது. மும்பை எல்பின்ஸ்டன் ரோடு நிலையப் படிக்கட்டில் 2017 செப்டம்பரில் 23 பேரையும், 2025 பிப்ரவரியில் புது தில்லி ரயில் நிலைய நெரிசலில் 18 பேரையும் இழந்த நமக்கு இது அந்நியமான செய்தியன்று. நம் நகரங்களில் எந்தப் பதுங்குமிடத்துக்கும் முதல் பகை படிக்கட்டின் அகலம்தான்.

தென்தமிழகத்துக்கு இந்த வரலாற்றில் நேரடிப் பங்கு உண்டு. திருநெல்வேலி, ராமநாதபுரம் சீமைகளின் வானம் பார்த்த ஊர்களிலிருந்து மழை பொய்த்த ஆண்டுகளில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் போனவர்கள் பலர். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள். 1941 டிசம்பர் 23-இல் ரங்கூன் மீது முதல் குண்டு விழுந்தபோது, துறைமுகக் கூலிகளும் கடைக்காரர்களும் தெருவில் நின்று வானத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு பினாங்கிலும் இதுவே நடந்தது. அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஓடி ஒளிய ஓரிடம் இருக்கிறது என்று முன்பே காட்டப்பட்டவன்தான் ஓடுவான். காட்டப்படாதவன் நின்று பார்ப்பான். பினாங்கில் ஐரோப்பியர்களை மட்டும் இரவோடு இரவாக வெளியேற்றிவிட்டு மற்றவர்களை விட்டுச் சென்றார்கள். பர்மாவிலிருந்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் நடந்தும் கப்பலிலுமாக வெளியேறினர். வழியில் மடிந்தவர்கள் பல்லாயிரம்.

கரிசல் காட்டில் இதற்கு இணையான ஒரு காட்சியை அண்மைக்காலத்திலேயே கண்டோம். 2012 செப்டம்பர் 5-இல் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தபோது இறந்தவர்களில் பலர் தொழிலாளர்கள் அல்லர்; முதல் வெடிப்பைக் கேட்டு உதவிக்கும் வேடிக்கைக்குமாக ஓடிவந்த சுற்றுவட்டாரத்தார். பட்டாசு ஆலைக்குள் அறைக்கு அறை இடைவெளி, ஓர் அறையில் இத்தனை பேர்தான் என்றெல்லாம் விதிகள் உண்டு. ஆலைக்கு வெளியே நிற்கும் ஊருக்கு அப்படியொரு விதியும் பயிற்சியும் கிடையாது.

சென்னை என்ன செய்தது? 1942 ஏப்ரலில் கொழும்பும் திருகோணமலையும் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டதும், அவசியமில்லாதோர் வெளியேறுமாறு மதராஸ் அரசு அறிவுறுத்தியது. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போயிற்று. அலுவலகங்கள் பல உள்மாவட்டங்களுக்குச் சென்றன. உயிரியல் பூங்காவின் கொடிய விலங்குகள், கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சுட்டுக் கொல்லப்பட்டன. சொந்த ஊரும் அங்கே ஒரு வீடும் உள்ளவர்கள் ரயிலேறினார்கள். துறைமுகக் கூலியும் துப்புரவுத் தொழிலாளியும் 'அவசியமானவர்கள்' என்ற பட்டத்துடன் நகரிலேயே தங்கினார்கள். மாநகரின் பதுங்குமிடமாக இருந்தது உறவினர் வீட்டுத் திண்ணைதான் என்று சொன்னால் மிகையில்லை. 1943 அக்டோபரில் ஒரு தனி ஜப்பானிய விமானம் வந்து சென்னையின் மீது குண்டு போட்டுவிட்டுப் போனது. அதற்குள் வெளியேறியவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்திருந்தார்கள்.

தமிழில் 'பதுங்கு குழி' என்ற சொல்லைக் கேட்டால் நம் தலைமுறைக்கு நினைவுக்கு வருவது லண்டனுமன்று, சிங்கப்பூருமன்று. அது வன்னி. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வீட்டு முற்றத்தில் பங்கர் வெட்டுவது அடுப்பு மூட்டுவதைப் போன்ற அன்றாட வேலை. மேலே பனங்குற்றிகளை அடுக்கி மண் மூட்டை போடுவார்கள். 2009-இன் தொடக்கத்தில் முள்ளிவாய்க்கால் கடற்கரைக்குத் தள்ளப்பட்டபோது பனங்குற்றிக்கு எங்கே போவது? சேலைகளைக் கிழித்துத் தைத்து அதில் கடல்மணலை நிரப்பி அரண் வைத்தார்கள். மணலில் தோண்டிய குழி தானாகவே சரியும். அரசே 'தாக்குதலற்ற பகுதி' என்று அறிவித்த இடம் அது. அங்கும் எறிகணை விழுந்தது. உயிரிழந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கக்கூடும் என்பதைப் புறந்தள்ள இயலாது என்று ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011-இல் கூறியது. பாதுகாப்பு முழுவதையும் குடும்பத்தின் தலையில் சுமத்தினால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டை நான் அறியேன்.

இனி நம் நாட்டின் இன்றைய கணக்கைப் பார்ப்போம். ஜம்முவின் எல்லை மாவட்டங்களில் 14,460 பதுங்கறைகள் கட்ட மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. மதிப்பீடு சுமார் ₹415 கோடி. அவற்றில் 13,029 குடும்ப அறைகள். ஒவ்வொன்றும் 160 சதுர அடி, 8 பேருக்கானது. 1,431 சமுதாய அறைகள். ஒவ்வொன்றும் 800 சதுர அடி, 40 பேருக்கானது. எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 1,61,000 பேருக்கு இடம். தலைக்கு ஏறக்குறைய ₹25,700. ஓர் உயிருக்கு ஒரு முறை செலவிடும் தொகை இது. கட்டடம் பல ஆண்டு நிற்கும். 2025 மே 7-இல் பூஞ்ச் நகருக்குள் எறிகணைகள் விழுந்து பத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தபோது, திட்டம் எல்லைக்கோட்டை ஒட்டிய கிராமங்களையே முதன்மையாகக் கருதியதும் நகரம் போதிய பதுங்குமிடமின்றி இருந்ததும் வெளிப்பட்டன. தொலைவு பாதுகாப்பு தரும் என்ற பழைய அனுமானம் ட்ரோன் காலத்தில் செல்லுபடியாகவில்லை.

எதிர்வாதம் வலுவானதுதான். இன்றைய ஏவுகணை நேராகத் தாக்கினால் எந்தச் சாதாரண அறையும் தாங்காது. பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறையே கட்டி முடிக்காத நாட்டில் நிலத்தடி அறைக்குப் பணம் எங்கே? என் முன்னாள் சக பேராசிரியர் ஒருவர் இதையே கேட்டார். முதல் வாதத்துக்கு உக்ரைன் விடை தருகிறது. நேரடித் தாக்குதலில் இறப்பவர்கள் ஒரு பகுதியினர். சிதறும் துண்டுகளாலும் கண்ணாடியாலும் சரியும் சுவராலும் பாதிக்கப்படுவோர் ஏராளம். அவர்களைத் தடித்த சுவர் காக்கும். கார்கிவ் நகரில் 2023 முதல் சுரங்க ரயில் நிலையங்களிலேயே பள்ளி வகுப்புகள் நடந்தன.

இரண்டாவது வாதத்துக்குப் பின்லாந்தைப் பார்க்கலாம். 55 லட்சம் மக்களுள்ள அந்நாட்டில் 48 லட்சம் பேருக்கான பதுங்குமிடங்கள் உள்ளன. ஆனால் அவை பூட்டிக் கிடப்பதில்லை. நீச்சல் குளமாக, விளையாட்டரங்காக, வாகன நிறுத்துமிடமாக அன்றாடம் பயன்படுகின்றன. 72 மணி நேரத்தில் காலி செய்து தரவேண்டும் என்பது நிபந்தனை. 1942-இல் நீர்மட்டத்தைக் காரணம் காட்டிய அதே சிங்கப்பூரில், 1998 முதல் கட்டப்படும் புதிய வீடுகளுக்குக் காப்பறை சட்டப்படி கட்டாயம். பல சுரங்க ரயில் நிலையங்களும் பதுங்குமிடங்களாகவே வடிவமைக்கப்பட்டவை. என் மகள் வீட்டுக் காப்பறையின் கனத்த இரும்புக் கதவுக்குப் பின்னால் அரிசி மூட்டையும் பயணப் பெட்டிகளும் இருக்கின்றன. அதில் தவறேதும் இல்லை. போருக்கு மட்டுமே பயன்படும் கட்டடத்துக்கு எந்த நிதித்துறையும் பணம் தராது. இருபயன் கட்டடத்துக்கு கூடுதல் செலவை மட்டும் நியாயப்படுத்தினால் போதும். ஒரு எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும். இஸ்ரேலில் 1992 முதல் புதிய வீடுகளுக்குக் காப்பறை கட்டாயம். ஆனால் நெகேவ் பாலைவனத்தில் அரசு அங்கீகரிக்காத பெதூயின் கிராமங்களில் கட்டட அனுமதியே கிடையாது, ஆகவே காப்பறையும் கிடையாது. தோட்டமில்லாத லண்டன் ஏழையின் கதைதான் இது. வீட்டுக்கு வீடு என்று விதித்தால், பட்டா இல்லாதவன் விதியிலிருந்தும் விழுந்துவிடுவான். நம் நகரங்களின் புறம்போக்குக் குடியிருப்புகளை எண்ணிப்பார்த்தால், இந்தியாவுக்குப் பொதுப் பதுங்குமிடமே பொருந்தும் என்பது என் துணிபு.

இதற்கான வாய்ப்பு சென்னையில் இப்போதே இருக்கிறது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ. நீளத்துக்கு, ₹63,246 கோடி மதிப்பீட்டில் நடைபெற்று வருகிறது. அதன் ஒரு பெரும்பகுதி நிலத்தடியில். இந்த நிலையங்கள் ஒவ்வொன்றும் நெருக்கடியில் எத்தனை பேரை, எத்தனை மணி நேரம் தாங்கும்? மின்சாரம் நின்றால் காற்று எப்படி வரும்? குடிநீர், கழிப்பறை எத்தனை பேருக்குப் போதும்? வெள்ளம் வந்தால் வாயில் அடைபடுமா? 173 பேர் ஒரே நேரத்தில் ஒரு படிக்கட்டில் இறங்கினால் என்ன ஆகும்? இவற்றுக்கான விடைகளை நிலையம் வாரியாக வெளியிடுவதில் ராணுவ ரகசியம் எதுவும் இல்லை. கான்கிரீட் இறுகிய பிறகு படிக்கட்டை அகலப்படுத்த முடியாது.

எங்கள் பக்கத்துக்கு நிலத்தடி அறை சரிப்பட்டு வராது. கரிசல் மண் கோடையில் ஆள் கால் நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். மழையில் உப்பிச் சுவரை நெருக்கும். மேலும் கோவில்பட்டியின் தலைமேல் நாளையே குண்டு விழும் என்று நான் சொல்ல வரவில்லை. எனினும் தூத்துக்குடித் துறைமுகமும் கூடங்குளமும் குலசேகரன்பட்டினமும் இதே சுற்றுவட்டத்தில்தான் இருக்கின்றன. எங்கள் ஊர்க் குடிநீர் சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியே வருகிறது. அந்த நீரேற்று நிலையம் ஒரு வாரம் நின்றால் போரின்றியே ஊர் தவித்துப்போகும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது, ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன திருச்செந்தூர் விரைவு ரயிலின் பயணிகள் நூற்றுக்கணக்கானோர் ஏறத்தாழ இரண்டு நாள் அங்கேயே சிக்கிக் கிடந்தார்கள்.

1968-ஆம் ஆண்டின் குடிமைப் பாதுகாப்புச் சட்டம் 2009-இல் திருத்தப்பட்டு, பேரிடர் மேலாண்மையும் அதன் வரம்புக்குள் வந்துவிட்டது. எனவே போருக்கும் வெள்ளத்துக்கும் ஆலை வெடிப்புக்கும் பொதுவாக ஒரே கட்டடத்தைத் திட்டமிடச் சட்டத்தில் தடையில்லை. கரிசலில் ஆழமான தூண் அடித்தளத்தின் மேல், தரைமட்டத்துக்கு உயர்த்தி, தடித்த சுவரும் சொந்த நீர்த்தொட்டியும் மின்னாக்கியும் கொண்டு, மற்ற நாள்களில் பள்ளி அரங்கமாகவோ சமுதாயக் கூடமாகவோ இயங்கும் கட்டடம் ஒன்றை ஒவ்வோர் ஒன்றியத்திலும் எழுப்பலாம். எந்தெந்த ஊருக்கு எது, எத்தனை பேருக்கு இடம், என்ன செலவு என்று திட்ட அறிக்கை தயாரிக்க ஒரு மாவட்ட நிர்வாகத்துக்கு ஆறு மாதம் போதும்.